வீட்டிலிருந்தே முழுநேர வேலை, கைக்கலையில் பக்க வருமானம்: தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டிலிருந்தபடியே முழுநேர வேலை பார்ப்பவர்களுக்கு, தாம் விரும்பிச் செய்யும் கைவேலையை விற்று மாதம் சில ஆயிரம் ராண்ட் கூடுதலாகச் சம்பாதிக்கலாம் என்ற எண்ணம் எளிதில் தோன்றிவிடுகிறது. டர்பனிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் நெரிசலில் காத்துக் கிடக்கும் நேரம் மிச்சமாகிறது. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், லெனேசியா போன்ற இடங்களில் ரவிக்கை எம்பிராய்டரிக்கும் மாலைக்கும் முறுக்குக்கும் நிகழ்ச்சிப் புகைப்படத்துக்கும் வாடிக்கையாளர்கள் அக்கம்பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஆனால் திறமை இருந்தும் பலருடைய முயற்சி ஓராண்டுக்குள் ஓய்ந்துவிடுகிறது. அதற்கு முக்கியக் காரணம், சம்பள வேலை மிச்சம் வைக்கும் சில மணி நேரத்துக்கு எது பொருந்தும் என்று பார்க்காமல், தமக்குப் பிடித்ததையெல்லாம் அப்படியே விற்கத் தொடங்கிவிடுவது என்பதே என் கருத்து. ஆகையால் இந்த வழிகாட்டி எல்லாவற்றையும் மணிக்கணக்கிலேயே அளந்து பார்க்கிறது. படிகளை இங்குள்ள வரிசையிலேயே எடுத்துக்கொள்வது நல்லது. முதல் படியைத் தாண்டாமல் அடுத்ததற்குப் போவதில் பயனில்லை.

முதல் படி: பணி ஒப்பந்தமும் அனுமதியும்

கைவசமுள்ள பணி ஒப்பந்தத்தை எடுத்து நான்கு விஷயங்களைத் தேடுங்கள். நிறுவனத்துக்கு வெளியே ஊதியம் பெறும் வேலையை அது தடுக்கிறதா அல்லது முன்அனுமதி கேட்கிறதா, நலன்களின் முரண்பாடு என்று எதைச் சொல்கிறது, நீங்கள் உருவாக்குபவற்றின் உரிமை யாருக்கு என்கிறது, நிறுவனக் கணினியையும் இணைய இணைப்பையும் சொந்த வேலைக்குப் பயன்படுத்துவது பற்றி என்ன சொல்கிறது என்பவையே அந்த நான்கும். மூன்றாவதைப் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். தென்னாப்பிரிக்காவின் 1978ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பணியின் போக்கில் ஊழியர் உருவாக்கும் படைப்பின் உரிமை முதலாளியைச் சேரும். வாடிக்கையாளர் சேவைத் துறையில் இருப்பவர் ஆரி வேலைப்பாடு செய்தால் இதனால் எந்தச் சிக்கலும் இல்லை. பகலில் மென்பொருள் எழுதுபவர் இரவில் செயலி எழுதி விற்றாலோ, நிறுவனத்துக்கு வடிவமைப்பு செய்பவர் சொந்தமாகத் திருமண அழைப்பிதழ் வடிவமைத்தாலோ, கோடு எங்கே போடப்படுகிறது என்பதை எழுத்தில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

அனுமதி கேட்கும் கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். என்ன செய்யப் போகிறீர்கள், எந்த நேரத்தில் செய்வீர்கள், நிறுவனத்தின் வாடிக்கையாளர்களையோ கருவிகளையோ தகவல்களையோ தொடமாட்டீர்கள் என்ற மூன்றையும் சொல்லி, பதிலை மின்னஞ்சலில் பெற்று, அதன் நகலைச் சொந்த முகவரியில் பத்திரப்படுத்துங்கள். மேலாளர் தொலைபேசியில் 'சரி, சரி' என்று சொன்னது, அவர் வேறு துறைக்கு மாறிய பிறகு உதவாது. அரசு ஊழியர்களுக்கு இது விருப்பம் சார்ந்த விஷயமே அல்ல. 1994ஆம் ஆண்டுப் பொதுச் சேவைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, முன்அனுமதி இன்றி வெளியே ஊதியத்துக்கு வேலை செய்வதைத் தடுக்கிறது.

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ பணி விசாவில் வந்திருப்பவர்கள் இன்னும் ஒரு படி எச்சரிக்கையாக இருக்க வேண்டும். விசாவில் எந்த வேலைக்கு அனுமதி என்று குறிப்பிடப்பட்டுள்ளதோ அதைத்தான் செய்யலாம். பக்கத்தில் ஒரு வணிகம் நடத்துவது அந்த நிபந்தனையை மீறுவதாக ஆகலாம். துணைவருக்கான விசாவில் இருப்பவர், 'வீட்டில் சும்மாதானே இருக்கிறேன், செய்து விற்கிறேன்' என்று தொடங்குவதும் அதே ஆபத்துதான். நிரந்தர வதிவிடம் கிடைக்கும்வரை காத்திருப்பது அல்லது குடிவரவுச் சட்டம் அறிந்த ஒருவரிடம் முதலில் கேட்பது பாதுகாப்பானது.

இரண்டாம் படி: உண்மையில் எத்தனை மணி நேரம் இருக்கிறது

தென்னாப்பிரிக்கச் சட்டப்படி சாதாரண வேலை நேரத்தின் உச்சவரம்பு வாரம் 45 மணி. குறிப்பிட்ட வருமான வரம்புக்கு மேல் பெறுவோருக்கு இது பொருந்தாது என்பதால், உங்கள் உண்மையான வேலை நேரம் இதைவிட நீண்டிருக்கவும் கூடும். இரண்டு வாரம் ஒரு நோட்டுப் புத்தகத்தில், வேலை முடிந்து, சமையல் முடிந்து, பிள்ளைகளின் பாடமும் முடிந்து, தலை தெளிவாக இருக்கும் நேரம் எத்தனை மணி என்று நாள்தோறும் குறித்துவையுங்கள். நினைத்ததில் பாதிதான் தேறும். அந்தப் பாதியை வைத்தே திட்டமிட வேண்டும்.

எத்தனை மணி என்பதோடு, அந்த மணிகள் நாளின் எந்தப் பகுதியில் விழுகின்றன என்பதும் முக்கியம். டர்பனிலும் உம்ஷ்லாங்காவிலும் பிரிட்டிஷ் நிறுவனங்களுக்காக வேலை செய்பவர்கள் பலர். பிரிட்டனில் காலை 9 மணி என்பது, அங்கே கோடைக்கால நேரம் நடக்கும் மார்ச் கடைசி முதல் அக்டோபர் கடைசி வரை நமக்கு 10 மணி. மற்ற மாதங்களில் 11 மணி. ஆக அவர்களுக்குக் காலையில் இரண்டு மூன்று மணி நேரம் தொடர்ச்சியாகக் கிடைக்கிறது. நூலின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்த்துத் தைக்க வேண்டிய எம்பிராய்டரிக்கும், உருவப் படத்துக்கும் அதைவிட நல்ல நேரம் இல்லை. மாறாக, மாலையில் மாணவர்களுக்கு வீணையோ தமிழோ கற்பிக்க நினைத்தால் பிரிட்டிஷ் நேரம் அவர்களுக்குக் காலைவாரிவிடும். பிரிட்டனின் குளிர்காலத்தில் வேலை முடியவே நமக்கு இரவு 7 மணி ஆகிவிடும். இந்திய நிறுவனத்துக்கு வேலை செய்பவருக்கு நிலைமை தலைகீழ். இந்தியா நம்மைவிட மூன்றரை மணி நேரம் முந்தியிருப்பதால், விடியலில் தொடங்கி மதியமே முடித்துவிடுகிறார். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் வகுப்பு வைக்க அவரால் முடியும்.

மூன்றாம் படி: கலையின் எந்த வடிவத்தை விற்பது

ஒரே கலைக்குப் பல விற்பனை வடிவங்கள் உண்டு. ஆரி வேலைப்பாடு தெரிந்தவர் ஆர்டரின் பேரில் ரவிக்கை செய்து தரலாம். அளவு தேவைப்படாத தோரணங்களையும் பைகளையும் முன்கூட்டியே செய்து வைத்து விற்கலாம். சனிக்கிழமை வகுப்பு நடத்தலாம். வரைந்த பூவேலை மாதிரிகளைக் கோப்பாக இணையத்தில் விற்கலாம். நான்குக்கும் திறமை ஒன்றுதான். ஆனால் நான்கும் உங்கள் நேரத்தைத் தின்னும் விதம் வெவ்வேறு.

ஆர்டர் வேலைக்குக் கெடு உண்டு. திருமணம் தள்ளிப்போகாது, சம்பள வேலையில் அந்த வாரம் திடீரென்று அவசரம் வந்தால் தூக்கத்தைத்தான் விற்க வேண்டியிருக்கும். முன்கூட்டியே செய்து வைப்பதில் கெடு இல்லை, ஆனால் துணியிலும் மணியிலும் பணம் முடங்கும். வகுப்புக்கு நேரம் முன்பே தெரியும், பணம் முன்பே வரும், கூடத்தில் இடம் மட்டும் தேவை. கோப்பு விற்பனை ஒருமுறை செய்த உழைப்பு பலமுறை விலைபோகும் வழி. ஆயினும் வாங்குபவர்களைத் தேடிப்பிடிக்க நீண்ட காலம் ஆகும் என்பதால், அதை முதல் ஆண்டின் வருமானமாக எண்ணிக்கொள்ள வேண்டாம்.

நிகழ்ச்சிப் புகைப்படமும் ஒப்பனையும் சனி, ஞாயிறைக் கேட்பவை. ஐந்து நாள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஆறாம் நாள் வெளியே போவது நல்லதுதானே என்று தோன்றும்; ஆனால் ஒரு திருமணத்துக்குப் படம் எடுக்கும் ஒரு நாளுக்குப் பின்னால், தேர்ந்தெடுப்பதும் நிறம் திருத்துவதுமாகப் பல இரவுகள் அதே திரையின் முன் இருக்கின்றன. முழுநேர வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு மணி நேரத்தில் முடியும் குடும்பப் படங்கள், கைக்குழந்தைப் படங்கள் போன்ற சிறு வேலைகளையே நான் பரிந்துரைப்பேன்.

முதல் ஆறு மாதத்துக்கு ஒரே வடிவம், ஒரே பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் செய்வோம் என்று பலகை போடுபவரிடம் எதற்காகப் போக வேண்டும் என்று யாருக்கும் நினைவிருக்காது.

நான்காம் படி: விலையைக் கணக்கிடுவது

இதுதான் பெரும்பாலோர் கணக்குப் போடாமல் கடந்துபோகும் இடம் என்பதால் ஒரு கற்பனைக் கணக்கை முழுவதும் பார்ப்போம். மாதச் சம்பளம் 40,000 ராண்ட் பெறும் ஒருவர் வாரம் 45 மணி நேரம் வேலை செய்கிறார். மாதத்தை நாலே மூன்றில் ஒரு வாரமாகக் கொண்டால் 195 மணி. ஒரு மணிக்கு ஏறத்தாழ 205 ராண்ட். இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் ஒரு ரவிக்கைக்கு எம்பிராய்டரி செய்து 900 ராண்டுக்குக் கொடுக்கிறார். உள்துணி, நூல், மணி, உறை எல்லாம் சேர்த்துச் செலவு 285 ராண்ட். அட்டையில் பணம் வாங்கியதற்கு 3 சதவீதக் கட்டணம் என்று கொண்டால் 27 ராண்ட். மிஞ்சுவது 588. தைத்தது ஆறு மணி நேரம். வாட்ஸ்அப்பில் மாதிரி காட்டியது, அளவெடுத்தது, கடைக்குப் போனது, பொதி கட்டியது எல்லாம் இரண்டு மணி நேரம். எட்டு மணி நேரத்துக்கு 588 என்றால் மணிக்கு 73 ராண்ட் 50 காசு. அவருடைய வரி விகிதமான 31 சதவீதத்தைக் கழித்தால் ஏறத்தாழ 51 ராண்ட். 2025 மார்ச் 1 முதல் ஓராண்டுக்கு நாட்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்டாக இருந்தது; இது அதைவிட மேல்தான். ஆனாலும் தம் சம்பளத்தில் பாதிகூட மணிக்குக் கிடைக்காத ஒரு வேலைக்காக அவர் ஞாயிற்றுக்கிழமையைக் கொடுக்கிறார்.

அதே ரவிக்கையை 1,250 ராண்டுக்குக் கொடுத்தால் வரிக்கு முன் மணிக்கு 116 ராண்ட் நிற்கும். இனி வகுப்பைப் பாருங்கள். ஆறு பேர், ஆளுக்கு 350 ராண்ட், மூன்று மணி நேரம், வரவு 2,100. ஆளுக்கு 80 ராண்ட் பொருட்செலவு போக 1,620. பணம் நேரடி வங்கி மாற்றாக வந்தால் அட்டைக் கட்டணமும் இல்லை. தயாரிப்புக்கும் கூடத்தை ஒழுங்குசெய்யவும் இன்னும் மூன்று மணி என்று சேர்த்தாலும் மணிக்கு 270 ராண்ட் வருகிறது, சம்பளத்தையே தாண்டிவிட்டது. எல்லாருக்கும் வகுப்புதான் உகந்தது என்று இதற்குப் பொருளல்ல. கற்பிக்கும் பொறுமை எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் இந்தக் கணக்கை உங்கள் எண்களை வைத்துப் போட்டுப் பார்க்காமல் எந்த வடிவத்தையும் தேர்ந்தெடுக்காதீர்கள்.

விலை சொல்லும்போது உறவு குறுக்கே வரும். 'நம்ம பிள்ளைதானே, ஆன்ட்டிக்குக் கொஞ்சம் குறைச்சுப் போடு' என்பதைக் கேட்காத கைவினைஞர் டர்பனில் இருக்க முடியாது. விலையை எழுதி வைத்த பட்டியல் ஒன்று இருந்தால், மறுப்பது நீங்கள் அல்ல, பட்டியல் என்று ஆகிவிடும். யாருக்காவது தள்ளுபடி கொடுக்கவே வேண்டுமென்றால், பரிசாக முழுவதும் இலவசமாகக் கொடுத்துவிடுங்கள். அரை விலைக்குக் கொடுத்தால் அந்த அரை விலையே ஊருக்குத் தெரிந்த விலையாகிவிடும்.

ஐந்தாம் படி: உங்கள் பொருளுக்கு உரிய விதிகள்

உணவு விற்பவர்களுக்கே விதிகள் அதிகம். விற்பனைக்கு உணவு தயாரிக்கும் இடத்துக்கு, 2018ஆம் ஆண்டின் ஆர்638 ஒழுங்குமுறைப்படி உள்ளூராட்சிச் சுகாதார ஆய்வாளர் பார்வையிட்டு வழங்கும் ஏற்புச் சான்றிதழ் தேவை. வீட்டுச் சமையலறையும் இதற்கு விலக்கல்ல. சமைத்த சாப்பாடும் விரைவில் கெடும் பண்டங்களும் விற்றால் 1991ஆம் ஆண்டு வணிகச் சட்டப்படி உரிமமும் வேண்டும். மாநகராட்சியின் சுகாதாரப் பிரிவில் முதலில் விசாரித்துவிட்டுச் சமையலறையில் மாற்றம் செய்யத் தொடங்குங்கள். செலவு செய்த பிறகு ஆய்வாளர் வேறொன்றைக் கேட்டால் செலவு இரட்டிப்பாகும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் குடியிருப்போர் நிர்வாகக் குழுவின் விதிகளையும் படிக்க வேண்டும். எண்ணெய் காயும் மணமும் வாடிக்கையாளர்களின் கார்களும் அண்டை வீட்டாரின் புகாராக மாறப் பல வாரங்கள் ஆகாது.

புகைப்படக்காரர்கள் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் பதிப்புரிமை, எடுத்தவருக்கு அல்ல, எடுக்கச் சொன்னவருக்கே என்பதுதான் இந்நாட்டுச் சட்டம். உங்கள் பக்கத்தில் மாதிரியாகக் காட்டவும் பின்னர் பயன்படுத்தவும் விரும்பினால், முன்பணம் வாங்கும்போதே எழுத்தில் ஒப்புதல் பெறுங்கள்.

இணையம் வழியாக விற்பவர்களுக்கு 2002ஆம் ஆண்டு மின்னணுத் தொடர்பு மற்றும் பரிவர்த்தனைச் சட்டம் பொருந்தும். முழுப் பெயர், முகவரி, மொத்த விலை ஆகியவற்றை வாங்குபவர் பார்க்கும்படி கொடுக்க வேண்டும். பொருள் கைக்கு வந்த ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பித்தரும் உரிமை பெரும்பாலான பொருள்களுக்கு உண்டு. வாங்குபவரின் அளவுக்கும் விருப்பத்துக்கும் ஏற்பச் செய்த பொருளுக்கு இந்த உரிமை இல்லை என்பதால் அளவெடுத்துச் செய்யும் ரவிக்கை இதில் சேராது; தோரணம் சேரும். வாடிக்கையாளர்களின் தொலைபேசி எண்களையும் அளவுகளையும் சேமிப்பவர்களைத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. ஆகவே கோயில் குழுவில் இருக்கும் எண்களையெல்லாம் எடுத்து விளம்பரக் குழுவில் சேர்ப்பது முறையல்ல, சட்டப்படியும் சரியல்ல.

ஆறாம் படி: முதல் விற்பனைகள்

சின்னம், பெயர்ப்பலகை, இணையதளம் ஆகியவற்றுக்கு இப்போது பணம் செலவிட வேண்டாம். ஐந்தாறு நல்ல படங்களும் வாட்ஸ்அப் வணிகக் கணக்கில் ஒரு விலைப்பட்டியலும் தொடக்கத்துக்குப் போதும். நேரில் விற்க, டர்பனில் சனிக்கிழமை நடக்கும் எசன்வுட் சந்தையும் ஷோங்வேனி உழவர் சந்தையும் உண்டு; இரண்டும் சனிக்கிழமையே என்பதால் ஒரு நாளில் ஒன்றுதான் முடியும். மேசைக்கு வாடகை கட்டுவதற்கு முன் ஒருமுறை வாங்குபவராகப் போய், உங்கள் பொருளைப் போன்றது என்ன விலைக்குப் போகிறது என்று பாருங்கள். பொதி அனுப்ப, பெப் கடைகளில் பெற்றுக்கொள்ளும் பேக்ஸி சேவையும் பூடோ பெட்டகங்களும் வீட்டுக்கு ஆள் வரக் காத்திருக்கும் தொல்லையைத் தவிர்க்கின்றன. அலுவலகக் கூட்டத்தின் நடுவே அழைப்புமணி அடிக்காது.

வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் நேரத்தையும் அறிவித்துவிடுங்கள். 'மாலை 7 முதல் 8 வரை பதில் அளிக்கப்படும்' என்ற தானியங்கிச் செய்தி ஒன்று, சம்பள நேரத்தில் கைபேசியை எடுக்கும் ஆசையைப் பாதியாகக் குறைக்கும்.

ஏழாம் படி: பணமும் வரியும்

இந்த அளவு வணிகத்துக்கு நிறுவனம் பதிவு செய்யத் தேவையில்லை, தனிநபராகவே நடத்தலாம். ஆனால் முதல் விற்பனைக்கு முன்பே தனி வங்கிக் கணக்கு ஒன்று திறந்து, வரவும் செலவும் அதன் வழியாக மட்டுமே நடக்கட்டும். வீட்டு மளிகையும் மணிச்சரமும் ஒரே அறிக்கையில் இருந்தால், பிப்ரவரி மாதம் அவற்றைப் பிரிக்க ஒரு வார இறுதி போய்விடும். ரசீதுகளை, வரி அறிக்கை சமர்ப்பித்த நாளிலிருந்து ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

30,000 ராண்ட் வரை வந்தால் வரித் துறைக்குச் சொல்ல வேண்டாம் என்ற நம்பிக்கை நம்மிடையே பரவலாக இருக்கிறது. அது தவறு. அந்த வரம்பு வட்டி, பங்காதாயம், வாடகை போன்றவற்றை மட்டும் பெறுபவர், வணிகம் எதுவும் நடத்தாதபோது, முன்கூட்டியே வரி கட்டும் பிரிவில் சேர வேண்டியதில்லை என்பதற்கானது. வணிகம் நடத்தினால் லாபம் எவ்வளவு சிறியதானாலும் அறிவிக்க வேண்டும். அந்த முன்வரிப் பிரிவிலும் நீங்கள் வந்துவிடுவீர்கள். வரி ஆண்டு மார்ச் 1இல் தொடங்கிப் பிப்ரவரி இறுதியில் முடிகிறது. ஆகஸ்ட் இறுதிக்குள் முதல் மதிப்பீட்டுப் படிவமும் பணமும், பிப்ரவரி இறுதிக்குள் இரண்டாவதும் வரித் துறையின் இ-ஃபைலிங் தளத்தில் செலுத்த வேண்டும். தாமதமானால் 10 சதவீதத் தண்டம் உண்டு.

மேலே சொன்னவரின் சம்பளம் ஆண்டுக்கு 480,000 ராண்ட். 2026 பிப்ரவரியில் முடிந்த வரி ஆண்டில் 370,501 முதல் 512,800 ராண்ட் வரையான வருமானத்துக்கு விகிதம் 31 சதவீதம். பக்க வருமானத்தில் செலவு போக லாபம் 30,000 ராண்ட் என்றால், அதன் மேல் வரி 9,300 ராண்ட். சம்பளத்தில் பிடித்த வரி இதற்குப் போதாது. எனவே ஒவ்வொரு வரவிலும் மூன்றில் ஒரு பங்கைத் தனிச் சேமிப்பில் ஒதுக்குங்கள்.

வீட்டு அறையின் செலவைக் கழிக்க முடியுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். அந்த இடம் தொழிலுக்கென்றே தனியாக ஒதுக்கப்பட்டு, அதற்கான கருவிகளுடன், வேறு எதற்கும் பயன்படாமல் இருந்தால்தான் முடியும். இரவில் சாப்பிடும் மேசை எண்ணிக்கையில் வராது. நூல், மணி, அனுப்பும் செலவு, சந்தை வாடகை ஆகியவை தயக்கமின்றிக் கழியும். நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்க எண்ணுபவர்களில் மிக உயர்ந்த வரி விகிதத்தில் இருப்பவர்கள், அப்படிக் கழிப்பதைக் கட்டுப்படுத்தும், வருமான வரிச் சட்டத்தின் 20ஏ பிரிவைக் கணக்காளரிடம் கேட்டறிவது நல்லது. படைப்புக் கலைகள் அதில் சந்தேகத்துடன் பார்க்கப்படும் தொழில்களின் பட்டியலில் உள்ளன. வாட் எனப்படும் மதிப்புக் கூட்டு வரிக்குப் பதிவு பெறாதவர், வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் பட்டியலில் அதைச் சேர்க்கக் கூடாது.

வெளிநாட்டிலிருந்து கட்டணம் வாங்குபவர்கள் ஈட்டிய அந்நியச் செலாவணியை 30 நாளுக்குள் உள்நாட்டுக்குக் கொண்டுவர வேண்டும். பேபால் வழியாக வந்த பணத்தை எஃப்.என்.பி. வங்கியின் மூலம் எடுக்கலாம். வீட்டுக் காப்பீட்டாளருக்கும் ஒரு வார்த்தை எழுதிவிடுங்கள். தொழிலுக்கான கேமராவும் சரக்கும் சாதாரண வீட்டுப் பொருள் காப்பீட்டில் பெரும்பாலும் அடங்குவதில்லை.

எட்டாம் படி: ஆண்டை நம் நாட்காட்டியோடு பொருத்துவது

நம் வாடிக்கையாளர்களின் தேவை மாதந்தோறும் ஒரே அளவாக வருவதில்லை. ஆடியில் கஞ்சிப் படையல், புரட்டாசியில் விரதம். இந்த இரண்டு மாதங்களிலும் திருமணங்கள் குறைவு, ரவிக்கை ஆர்டரும் குறைவு. புரட்டாசி முடிந்ததும் தீபாவளிப் பலகாரத்துக்கும் புதுத் துணிக்கும் ஒரே நெருக்கடி. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் காவடி அலங்காரமும் மாலையும் கேட்பார்கள். பெரிய வெள்ளியை ஒட்டி இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் விழாவுக்குப் பெருங்கூட்டம் கூடும். தீபாவளி இங்கே பொது விடுமுறை இல்லை. ஆண்டு விடுப்பு சட்டப்படி தொடர்ச்சியாக 21 நாள், அதாவது வாரம் ஐந்து நாள் வேலைக்கு 15 வேலைநாள். அதில் மூன்று நாளைத் தீபாவளிக்கு முந்தைய வாரத்துக்காக ஆண்டுத் தொடக்கத்திலேயே மேலாளரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். ஆடியிலும் புரட்டாசியிலும் கெடு இல்லாத தோரணங்களைச் செய்து சேர்க்கலாம், அடுத்த வகுப்புக்கான மாதிரிகளையும் தயார் செய்யலாம். ஆகஸ்ட் மாத வரித் தவணை இந்த ஆடி மாத மந்தத்தையொட்டியே வருவதால், சேமிப்பில் ஒதுக்கிய பணத்தைக் கைமாற்றாகக்கூட எடுக்காதீர்கள்.

பிப்ரவரி இறுதியில் கணக்கை மூடும்போது லாபத்தை அந்த ஆண்டு செலவிட்ட மணிகளால் வகுத்துப் பாருங்கள். மணிக்குக் கிடைப்பது சம்பள மணியில் பாதிக்கும் கீழே இருந்தால், மார்ச் 1 முதல் விலையை உயர்த்துங்கள் அல்லது வடிவத்தை மாற்றுங்கள். பழைய வாடிக்கையாளர்களுக்குப் புதிய பட்டியலை ஜனவரியிலேயே அனுப்பிவைத்தால், தைப்பூசத்துக்கு வாங்குபவர்கள் பழைய விலையிலும் பங்குனிக்கு வாங்குபவர்கள் புதிய விலையிலும் வாங்கிக்கொள்வார்கள்.